லெவி: கட்டணமா, வரியா, தீர்வையா?

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர்களிடம் லெவி என்று சொல்லிப் பாருங்கள், அவர்களுக்கு நெல்தான் நினைவுக்கு வரும். விளைந்ததில் ஒரு பங்கை அரசு வைத்த விலைக்கு அரசுக்கே அளந்தாக வேண்டும் என்ற காலம் ஒன்று இருந்தது. அது லெவி நெல். சர்க்கரை ஆலைகள் ரேஷன் கடைக்காகக் குறைந்த விலையில் கொடுத்துவந்தது லெவி சர்க்கரை. அந்தக் கட்டாயம் 2013-ல்தான் நீங்கியது. கம்யூனிஸ்ட் கட்சித் தோழருக்கோ லெவி என்பது தன் வருமானத்தில் கட்சிக்குச் சேர வேண்டிய பங்கு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் சொல்லும் லெவி, அவர்களை வைத்திருப்பதற்காக முதலாளி மாதாமாதம் மனிதவள அமைச்சுக்குக் கட்டும் தொகை. அதைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம்.

நான்கு இடத்திலும் பொருள் வேறு வேறு போலத் தெரிந்தாலும் உள்ளே ஓடும் சரடு ஒன்றுதான். ஒரு குறிப்பிட்ட கூட்டத்தார் மேல் மட்டும் விழுவது, விழுந்தால் கொடுத்தே ஆக வேண்டியது.

இப்போது ஐந்தாவதாக ஒரு லெவி நிதித்துறைச் செய்திகளில் அடிக்கடி வருகிறது: கண்காணிப்பு அமைப்பு, தான் கண்காணிக்கும் நிறுவனங்களிடம் வாங்கும் தொகை. இதைத் தமிழில் எழுதும்போதுதான் தடுமாற்றம். ஒருவர் 'ஆண்டுக் கட்டணம்' என்கிறார், இன்னொருவர் 'தொழில் வரி' என்கிறார். தொழில் வரி என்றால் நம் ஊரில் மாநகராட்சிக்கும் ஊராட்சிக்கும் கட்டுவது. படிப்பவர் குழம்பத்தான் செய்வார்.

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடலாம். ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே கம்பெனிகளையும் நிதிச் சேவைகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பு ஏசிக் என்ற ஆணையம். அந்தக் கண்காணிப்புச் செலவில் பெரும்பகுதியை முன்பு பொது வரிப்பணமே சுமந்தது. 2017-ல் சட்டம் மாறியது. கண்காணிக்கப்படுகிறவர்களே கண்காணிப்புச் செலவைத் தாங்க வேண்டும் என்று ஆனது. ஒவ்வொரு ஆண்டும் ஆணையம் முதலில் செலவு செய்கிறது. ஆண்டு முடிந்ததும் எந்தத் துறைக்கு எவ்வளவு செலவானது என்று கணக்குப் பார்த்து, அந்தத் துறையில் இருப்பவர்களுக்குப் பிரித்து பில் அனுப்புகிறது. சிறிய தனியார் கம்பெனிக்கு இது வெறும் 4 டாலர். ஆண்டுப் பதிவுக் கட்டணத்தோடு சேர்ந்தே போய்விடும். பெரிய இடங்களுக்கு அவரவர் தொழிலின் அளவைப் பொறுத்து ஏறும். தவணை தவறினால் ஆண்டுக்கு 20 விழுக்காடு அபராதம்.

நம் ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதே இல்லை. மொத்தச் செலவு இவ்வளவு, ஊரில் இத்தனை தலைக்கட்டு, வகுத்தால் வீட்டுக்கு இவ்வளவு. இதில் உள்ள சங்கடமும் நமக்குத் தெரியும்: பாதி வீடு பட்டணத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டால் மீதிப் பேர் தலையில் சுமை கூடும். ஆஸ்திரேலிய நிதி ஆலோசகர்களுக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான். ஆலோசகர் ஒருவருக்கு 2018-19-ல் 1,142 டாலராக இருந்த பங்கு, அடுத்த ஆண்டே 2,426 டாலர் ஆனது. ஒரு பக்கம் கண்காணிப்பு, வழக்குச் செலவு ஏறியது. மறு பக்கம் ஆலோசகர்கள் தொழிலை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் அரசே தலையிட்டு, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 1,142 டாலருக்கு மேல் போகாமல் நிறுத்தி வைத்தது.

சரி, சொல்லுக்கு வருவோம். லெவி ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சிலிருந்து வந்தது. 'உயர்த்து, எழுப்பு' என்று பொருள்படும் வினை அது. அதற்கும் தாய் லத்தீன். அங்கே மூலச்சொல்லின் பொருள் 'இலேசானது'. இலேசாக்கினால் மேலே எழும், அப்படித்தான் 'தூக்குதல்' என்ற பொருள் பிறந்தது. படை எழுப்புவதற்கும் பணம் எழுப்புவதற்கும் அரசர்கள் இதே சொல்லை வைத்துக்கொண்டார்கள். தமிழிலும் 'தண்டு' என்றால் படை, 'தண்டுதல்' என்றால் வரி வசூலித்தல் என்பது எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிட வேண்டும். விவிலியத்தில் ஆயத்துறையில் உட்கார்ந்து வரி வாங்கிக்கொண்டிருந்தவர் பெயர் லேவி. தசமபாகம் பெற்றவர்கள் லேவியர். அதிலிருந்துதான் லெவி வந்தது என்று நினைக்கத் தோன்றும். இல்லை. அது எபிரேயப் பெயர்; இரண்டுக்கும் உறவில்லை.

இந்த லெவியைக் கட்டணம் என்று சொல்வது ஏன் தவறு? கட்டணம் ஒரு சேவைக்குக் கொடுப்பது. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தால் கட்டணம், விண்ணப்பிக்காவிட்டால் இல்லை. ஏசிக் லெவியோ அந்த ஆண்டு ஆணையத்தின் வாசல்படியை மிதிக்காதவர் மேலும் விழும். ஆஸ்திரேலியச் சட்டமும் அதை வரியாகவே நடத்துகிறது. வரி விதிக்கும் சட்டத்தில் வரி விதிப்பைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது என்கிறது அந்நாட்டு அரசமைப்பின் 55-வது பிரிவு. அதனால்தான் லெவி விதிப்பதற்கு ஒரு சட்டம், அதை வசூலிப்பதற்குத் தனியாக இன்னொரு சட்டம்.

நம் நாட்டில் இந்தக் கேள்வி எழுந்தது ஒரு மடத்தால். அன்றைய சென்னை மாநிலத்தின் 1951-ஆம் ஆண்டு இந்து அறநிலையச் சட்டம், மேற்பார்வைச் செலவுக்காக மடங்களும் கோயில்களும் வருமானத்தில் 5 விழுக்காட்டுக்கு மிகாமல் ஆண்டுதோறும் அரசுக்குச் செலுத்த வேண்டும் என்றது. கண்காணிக்கப்படுபவரே கண்காணிப்புச் செலவைக் கொடுப்பது, அப்படியே இதே ஏற்பாடு! உடுப்பி சீரூர் மடம் தொடர்ந்த வழக்கில் 1954-ல் உச்ச நீதிமன்றம், இது கட்டணம் அல்ல, வரிதான் என்றது. பணம் தனியாக வைக்கப்படாமல் அரசின் பொது நிதியில் கலப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆனால் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி பங்குத் தரகர்களிடம் வாங்கும் தொகை பற்றி 2001-ல் வந்த தீர்ப்பு, அதை ஒழுங்குமுறைக் கட்டணம் என்று ஏற்றுக்கொண்டது. ஆகவே செபிக்குக் கட்டுவதைக் கட்டணம் என்றே எழுதலாம். ஏசிக்குக்குக் கட்டுவதை அப்படி எழுதக் கூடாது.

அப்படியானால் என்ன சொல்வது? 'தண்டல்' பழைய, அழகான சொல்தான். ஆனால் சென்னையில் இன்று தண்டல் என்றால் தினவட்டிக்காரர் வாசலில் நிற்பது. தண்டம், தண்டனை என்ற சொற்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. இலங்கைத் தமிழில் 'அறவிடுதல்' அன்றாடப் புழக்கத்தில் உள்ள சொல். வசூலிக்கும் செயலுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. தமிழ்நாட்டிலும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்பேன்.

தொகைக்கு என் தேர்வு 'தீர்வை'. 'தீர்' என்ற வேர், கணக்குப் பார்த்து முடிவுகட்டுவதைச் சொல்கிறது. வருவாய்த்துறைப் பதிவேடுகளில் 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று இன்றும் எழுதுகிறார்கள். மதிப்பிட்டு இவ்வளவு என்று முடிவானது தீர்வை. ஆண்டு முடிந்தபின் செலவைக் கணக்கிட்டு ஆளுக்கு இவ்வளவு என்று தீர்க்கும் ஏற்பாட்டுக்கு இது கச்சிதமாக உட்காருகிறது. இலங்கையில் தீர்வை என்றதும் சுங்கம் நினைவுக்கு வரும். அதனால் வெறுமனே தீர்வை என்னாமல் 'மேற்பார்வைத் தீர்வை' என்று அடைமொழி சேர்த்துக்கொள்வது நல்லது.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கலாம்: 'ஆணையம் கடந்த ஆண்டுக்கான மேற்பார்வைத் தீர்வையை அறவிடத் தொடங்கியுள்ளது. பன்னிரண்டு மாதம் கடந்தும் தீர்வை கட்டாத நிறுவனத்தின் உரிமம் ரத்தாகலாம்.' படித்ததும் புரிகிறது. தொழில் வரி என்றோ கட்டணம் என்றோ தவறாக நினைக்கவும் இடமில்லை.