டேங்க் ஒழுகினால் பசை ஏன் நிற்பதில்லை

'அண்ணாச்சி, எம்-சீல் வாங்கி அப்பியாச்சு, திரும்பவும் ஒழுகுது.' நெல்லை வண்ணார்பேட்டையோ வள்ளியூரோ, டேங்க் வேலைக்கு வரும் அழைப்பு பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

குற்றம் பசையில் இல்லை. இரும்பிலும் சிமெண்டிலும் அது நன்றாகவே பிடிக்கும். தட்டட்டியில் (மொட்டைமாடியில்) உட்கார்ந்திருக்கும் டேங்க் பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக். (எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் நம் ஊரில் அதற்குப் பெயர் சிண்டெக்ஸ்தான்.) மெழுகு மாதிரி வழவழப்பான பொருள் என்பதால் எம்-சீல் போன்ற எபாக்சிப் பசை அதற்குள் இறங்காமல் மேலே ஓடு கட்டி நிற்கும். வெயிலில் டேங்க் விரியும். காலைக்கும் உச்சிவெயிலுக்கும் இருபது டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு மீட்டர் அகல டேங்க் மூன்று நான்கு மில்லிமீட்டர் வரை நீளும். பசை அந்த அளவு நீளாது. ஓரம் தூக்கிக்கொள்ளும், தண்ணீர் பின்னால் புகுந்துவிடும். விரிசலை அடைக்க அதே பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்ற வேண்டும், அதாவது வெல்டு வைக்க வேண்டும்.

வெல்டுக்கு முன்னால், விரிசல்தானா என்று பாருங்கள். இரவில் மோட்டாரை நிறுத்தி, வெளியே போகும் எல்லா வால்வுகளையும் மூடிவிட்டு மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் இறங்கவில்லை என்றால் ஒழுக்கு வால்வுக்கு அப்பால் குழாயில். இறங்கியிருந்தால் தண்ணீர் இருக்கும்போதே டேங்க்கின் வெளிப்பக்கத்தைத் துடைத்துக் காயவிட்டுக் கோலப்பொடியை உள்ளங்கையால் தேய்த்து விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத மயிர்க்கீறலும் ஐந்து நிமிடத்தில் ஈரக்கோடாகத் தெரிந்துவிடும்.

அந்தக் கோடு டேங்க் நிப்பிளை (குழாய் மாட்ட டேங்க் ஓட்டையில் பொருத்தும் மரைத்துண்டை) சுற்றி இருந்தால் நல்ல காலம். ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருக்கும், அல்லது வாஷர் இரண்டுமே வெளிப்பக்கம் போட்டிருப்பார்கள். ஒன்று கட்டாயம் தண்ணீர்ப் பக்கம், உள்ளே இருக்க வேண்டும். டெஃப்ளான் டேப் மரைக்கு மட்டும். வாஷரின் மேல் சுற்றினால் அது வழுக்கிப் பிதுங்கும். செக் நட்டைக் கையால் முழுக்க இறுக்கி, பிறகு ஸ்பேனரால் கால் சுற்று, அதிகம் போனால் அரைச் சுற்று. 'இன்னும் கொஞ்சம்' என்று பைப் ரென்ச்சில் தொங்கினால் ஓட்டையின் ஓரத்திலிருந்து விரிசல் கிளம்பும். கீழே இறங்கும் குழாயும் வால்வும் நிப்பிளில் தொங்கக் கூடாது. ஒரு அடிக்குள் சுவரில் கிளாம்ப் வேண்டும்.

உண்மையான விரிசல் என்றால் முந்தின நாள் மாலையே டேங்க்கைக் காலி செய்து வையுங்கள். விரிசலுக்குள் துளி ஈரம் இருந்தாலும் சூட்டில் ஆவியாகி வெல்டில் குமிழ் விடும். உவரி, திசையன்விளை பக்கம் போல உப்புத் தண்ணீர் ஓடும் இடங்களில் விரிசலுக்குள் உப்பு கட்டியிருக்கும். அதை முழுக்கச் சுரண்டி எடுக்காமல் வைக்கும் வெல்டு வீண். பழைய எம்-சீலும் பொட்டுக்கூட மிஞ்சக் கூடாது.

விரிசலின் இரண்டு நுனியிலும் 3 அல்லது 4 மி.மீ. டிரில்லால் ஓட்டை போடுங்கள். கூர்மையான நுனிதான் மேலும் கிழியும். வட்டமான ஓட்டை அந்த இழுப்பைப் பரப்பிவிடும். இதைத் தவிர்த்தால் எவ்வளவு அழகாக வெல்டு வைத்தாலும் ஒரு அங்குலம் தள்ளிக் கிழிந்துகொண்டே போகும். பிறகு விரிசல் நெடுக 'வி' வடிவில் பள்ளம், சுவர்க் கனத்தில் முக்கால் பங்கு ஆழத்துக்கு. இருபுறமும் இரண்டு சென்டிமீட்டர் அகலம் மேல்தோலை ஹேக்சா பிளேடால் வழியுங்கள். வெயிலில் செத்த அந்தத் தோல் உருகினாலும் ஒட்டாது. உப்புத்தாளை விட வழிப்பதே மேல், தாளின் மண் உள்ளே தங்கிவிடும்.

உருக்கி நிரப்பும் பிளாஸ்டிக் கம்பி டேங்க்கின் அதே இனமாக இருக்க வேண்டும். டேங்க்குக்கு எல்.எல்.டி.பி.ஈ. (பாலிஎதிலீனில் ஒரு வகை) கம்பி. கிடைக்காவிட்டால் நிப்பிளுக்கு ஓட்டை போட்டபோது விழுந்த வட்டத்துண்டைப் பட்டை பட்டையாக அறுத்துக்கொள்ளலாம். அதைவிடப் பொருத்தமான கம்பி கடையில் கிடையாது. சந்தேகமான துண்டைத் தண்ணீரில் போடுங்கள். பாலிஎதிலீன் மிதக்கும், பி.வி.சி.யும் ஏ.பி.எஸ்.ஸும் மூழ்கும். பாலிபுரப்பிலீனும் மிதக்கும் என்பதால் முக்கோண முத்திரையில் 5 இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

சுடுகாற்று ஊதும் ஹீட் கன்னில் 260 முதல் 300 டிகிரி. முதலில் உதவாத துண்டில் பழகுங்கள். கம்பியையும் பள்ளத்தையும் ஒருசேரக் காட்ட வேண்டும். இரண்டும் பளபளக்கும்போது கம்பியை அழுத்தி நகர்த்துங்கள். நிமிடத்துக்குப் பத்து சென்டிமீட்டர் போதும். கம்பியின் இருபுறமும் சின்ன அலை எழுந்தால் பிடித்திருக்கிறது. கம்பி மட்டும் குழைந்து படிந்தால் ஆறிய பிறகு நகத்தால் உரித்துவிடலாம். பழுப்பு நிறமோ புகையோ தெரிந்தால் கருகிவிட்டது, அந்த இடத்தைத் தோண்டி மறுபடி செய்யுங்கள். மூன்றடுக்கு டேங்க்குகள் சிலவற்றின் நடு அடுக்கு நுரைப்பிளாஸ்டிக். அங்கே சூடு கூடினால் பொங்கும், மெதுவாகப் போங்கள். ஆனி, ஆடியில் பணகுடி, கயத்தாறு பக்கம் தட்டட்டியில் நின்றால் காற்று ஹீட் கன்னின் சூட்டையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். அட்டைப்பெட்டியை மறைப்பாக வைக்காமல் தொடங்காதீர்கள். வெல்டு தானாக ஆறட்டும், தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது.

ஸ்க்ரூடிரைவரை அடுப்பில் சுடவைத்து இழுப்பது வெல்டு அல்ல. இருக்கிற பிளாஸ்டிக்கை அங்கிருந்து இங்கே தள்ளிச் சுவரை மெலிதாக்குவதுதான் அது.

உள்ளே இறங்கி வெல்டு வைப்பதாக இருந்தால் மேலே ஓர் ஆள் கட்டாயம் நிற்க வேண்டும், மூடியைக் கழற்றி ஃபேன் வைத்திருக்க வேண்டும், மின்சாரம் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள லைனிலிருந்து வர வேண்டும். ஈர டேங்க்குக்குள் 230 வோல்ட் கருவியோடு விளையாட்டு கிடையாது.

சோதனைக்கு முதலில் கால்வாசி நிரப்பி ஒரு மணி நேரம், பிறகு முழுதும் நிரப்பி ஒரு நாள். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். சுரண்டினால் சுண்ணாம்பு போல உதிரும் டேங்க்கும், வழித்த சுருள் வளையாமல் பொட்டென்று ஒடியும் டேங்க்கும் வெல்டுக்கு லாயக்கில்லை. புதிது வாங்குங்கள், பிளாஸ்டிக் தண்ணீர் டேங்க்குக்கான ஐ.எஸ். 12701 தர முத்திரை பார்த்து.

அடியில் ஏன் வெடித்தது என்பதைப் பார்க்காமல் அடைத்தால் அது திரும்ப வரும். ஆயிரம் லிட்டர் என்றால் ஆயிரம் கிலோ. நாலு செங்கல்லிலோ இடைவெளி விட்ட ஆங்கிள் ஸ்டாண்டிலோ வைத்தால் அடிப்பாகம் இடைவெளிகளில் தொய்ந்து, நிரம்பும்போதும் காலியாகும்போதும் வளைந்து வளைந்து ஒரு நாள் கீறும். டேங்க்கின் விட்டத்தைவிட அகலமான, சமமான கான்கிரீட் மேடையோ கடப்பாக்கல்லோ வேண்டும். அடியில் ஒரு ஜல்லிக்கல் கிடந்தாலும் அதற்கு நேர் மேலேதான் ஓட்டை விழும்.

தண்ணீர் விற்கும் குட்டியானை வண்டிகளில் ஏற்றிய டேங்க்குகளுக்கு ஆயுள் குறைவு. பாதி நிரம்பிய டேங்க்கில் பிரேக் போடும்போதெல்லாம் தண்ணீர் சுவரில் மோதும். நிரப்பினால் முழுக்க, இல்லையேல் காலியாகக் கொண்டுபோங்கள். கயிற்றுக்குப் பதில் அகலமான பெல்ட் கட்டி, அடியில் பலகையும் ரப்பர் ஷீட்டும் போடுங்கள். நிப்பிளில் நேரடியாக இரும்பு வால்வை மாட்டாதீர்கள்; நடுவே அரையடி ரப்பர் ஹோஸ் வைத்து, வால்வை வண்டியின் சட்டத்தில் கிளாம்ப் செய்யுங்கள்.