தகவலில் இருந்து கரண்ட்: முன்பணம் கொடுக்கும் முன்

தகவலை வைத்தே கரண்ட் எடுக்கும் பெட்டி என்று விளம்பரம் செய்கிற துண்டறிக்கையோடு மறுபடியும் ஒரு மில் முதலாளி வந்துவிட்டார். "சென்சார் பார்க்கும், கம்ப்யூட்டர் முடிவெடுக்கும், காற்றின் வெப்பமே கரண்ட் ஆகிவிடும். ஜப்பானில் 2010-லேயே நிரூபித்துவிட்டார்களாம் சார்!" எனர்ஜி ஆடிட்டுக்குப் போகிற இடமெல்லாம் இதே பேச்சு. அலுத்துவிட்டது.

2010-இல் நடந்தது உண்மைதான். தொயாபே, சாகாவா என்ற ஜப்பானிய இயற்பியலாளர்களின் குழுவினர் நீரில் நடுங்கும் நுண்துகள் ஒன்றுக்கு மின்புலத்தால் சுழல்படி மாதிரி அமைத்தார்கள். துகள் தற்செயலாக ஒரு படி ஏறியதைக் கேமரா கண்டதும், அது திரும்ப இறங்க முடியாதபடி மின்புலத்தை மாற்றினார்கள். துகள் மேலே போனது. சரி, ஆனால் கண்டதற்கும் மாற்றியதற்கும் இடையே சில மில்லிவிநாடி கூடினாலே துகள் வேறெங்கோ போயிருக்கும், கையில் இருப்பது பழைய தகவல். தாமதம் சுமார் 1 மில்லிவிநாடியாக இருந்தபோதே தேறிய ஆற்றல், கிடைத்த தகவலை வைத்து அதிகபட்சம் எடுக்கக்கூடியதில் 28 சதவீதம்தான்.

தகவல் எரிபொருள் இல்லை, ஐயா. அதற்குள் ஆற்றல் எதுவும் அடைத்து வைக்கப்படவில்லை. ஆற்றல் வந்தது நீரின் வெப்பத்தில் இருந்து. எப்போது தடுக்க வேண்டும் என்பதை மட்டும் தகவல் சொன்னது. அந்தத் தகவலை அழித்து அடுத்ததைப் பதிய, அதை வைத்து அதிகபட்சம் எடுக்கக்கூடிய அளவு ஆற்றலையாவது செலவழித்தே ஆக வேண்டும் என்று லாண்டவர் என்ற இயற்பியலாளர் 1961-லேயே காட்டிவிட்டார். கேமராவும் கம்ப்யூட்டரும் தின்பது அதைவிடப் பல மடங்கு. சரி, செலவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அறை வெப்பநிலையில் ஒரே ஒரு யூனிட் கரண்ட் எடுக்க, 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றரைக் கோடி கோடி நிரம்பும் அளவு தகவல் வேண்டும். உங்கள் மில்லுக்கு ஒரு நாளைக்கு எத்தனை யூனிட்?

டெமோ பார்க்கப் போனால் முதலில் பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள். வோல்ட் மீட்டரைக் காட்டினால் நம்பாதீர்கள், உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் எனர்ஜி மீட்டர் வைக்கச் சொல்லுங்கள், அதுவும் நீங்கள் கொண்டுபோன மீட்டர். பெட்டியைத் திறந்து பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். "பேடன்ட் வாங்கியிருக்கிறோம், ரகசியம்" என்பார்கள். பேடன்ட் வாங்கினால் விவரத்தை வெளியிட்டே ஆக வேண்டும், எண்ணைக் கேளுங்கள்.

தயவுசெய்து முன்பணம் மட்டும் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் கம்ப்ரசர் லைனில் காற்று கசிகிற இடங்களை அடைத்துவிடுங்கள், அடுத்த பில்லிலேயே வித்தியாசம் தெரியும்.