ஓடாத டயருக்கும் காற்று இறங்கும்

உளுந்தூர்பேட்டை தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ராத்திரி பதினொன்றரைக்கு, இடது பின்பக்க டயர் போனது. அதில் வருத்தமில்லை, ஆணி ஏறினால் எந்த டயரும் போகும். டிக்கியில் இருந்த பைகளையெல்லாம் ரோட்டோரம் இறக்கி, கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்டெப்னியை எடுத்து மாட்டி, வியர்க்க விறுவிறுக்க ஜாக்கியை இறக்கினால் அதுவும் சப்பையாக உட்கார்ந்துவிட்டது பாருங்கள், அங்கேதான் வயிறு எரிந்தது. பின்னால் வந்து நிறுத்திய வேன்காரர் கேஜ் வைத்துக் காற்றழுத்தம் பார்த்தார். 14 பி.எஸ்.ஐ., டயர் காற்றை அளக்கும் அலகு அது. இருக்க வேண்டியது 33. இரண்டு வருடமாக டிக்கியை விட்டு வெளியே வராத டயர், ஆணியும் இல்லை, வெட்டும் இல்லை. காற்று எங்கே போனது?

ரப்பர் வழியாகத்தான் போனது. பிறந்தநாளுக்கு ஊதிக் கட்டிய பலூன், முடிச்சு அவிழாமலேயே மூன்றாம் நாள் சுருங்கித் தொங்குமே, அதே கதை. ரப்பர் என்பது நீளநீளமான மூலக்கூறு இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும் பொருள். உள்ளே அழுத்தம் அதிகமாக இருப்பதால் காற்றின் மூலக்கூறுகள் அந்த ரப்பரில் கரைந்து, இழைகளுக்கு நடுவே நெளிந்து நெளிந்து வெளியேறிவிடுகின்றன. இதைக் குறைக்கத்தான் டியூப்லெஸ் டயரின் உள்பக்கம் பியூட்டைல் வகை ரப்பரில் ஒரு அடுக்கு ஒட்டியிருப்பார்கள், ஆனால் அது குறைக்கும், நிறுத்தாது. எந்தப் பழுதும் இல்லாத டயரிலும் மாதத்துக்கு ஒன்று, இரண்டு பி.எஸ்.ஐ. இறங்குவது சகஜம். ஓடுகிற நாலு டயருக்கும் இதேதான் நடக்கிறது, ஆனால் பங்க்கில் பையன் "நாலுக்கும் முப்பத்துமூணா சார்?" என்று கேட்டு அடித்துவிடுகிறான். ஐந்தாவதைப் பற்றி அவன் கேட்பதில்லை, டிக்கி நிறைய சாமான் இருப்பதால் நாமும் சொல்வதில்லை.

நைட்ரஜன் அடித்தால் இறங்காதா என்று கேட்பீர்கள். ஆக்சிஜனைவிட மெதுவாகக் கசியும், உண்மைதான். ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், அதனால் பெரிய லாபம் ஒன்றும் கிடையாது.

சரி, 14 இருந்தால் மெதுவாக ஓட்டிப் போக முடியாதா? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஆயிரம் கிலோ கார் என்றால் ஒரு சக்கரத்துக்குச் சுமார் 250 கிலோ. 33 பி.எஸ்.ஐ. என்பது சதுர சென்டிமீட்டருக்கு 2.3 கிலோ, ஆக டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய 108 சதுர சென்டிமீட்டர், நம் உள்ளங்கை அளவுதான். 14 பி.எஸ்.ஐ. என்றால் அதே எடையைத் தாங்க 250 சதுர சென்டிமீட்டருக்கு மேல் தரையில் பரவ வேண்டும். அப்படிப் பரவும்போது டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிரும், கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் சூடாகுமே, அது மாதிரி சூடேறி உள்ளே இருக்கும் நூல் அடுக்குகள் ரப்பரை விட்டுப் பிரிந்துவிடும். சில கார்களில் ஒல்லியாக ஒரு ஸ்டெப்னி இருக்கும், அதில் 60 பி.எஸ்.ஐ. என்று எழுதியிருப்பதற்கும் இதே கணக்குதான் காரணம்: அகலம் குறைவு, தரையைத் தொடும் இடம் குறைவு, அழுத்தம் கூடியாக வேண்டும். அதை மாட்டிக்கொண்டு 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று அதிலேயே ஸ்டிக்கரும் இருக்கும், யாரும் படிப்பதில்லை.

சாதாரண ஸ்டெப்னி என்றால் நான் இப்போது 38 வைத்துவிடுகிறேன். நாலைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாக இருந்தால் சில மாதம் மறந்தாலும் பரவாயில்லை, தேவைப்படும்போது இறக்கிக்கொள்ளலாம், ஏற்றுவதுதான் நடுரோட்டில் நடக்காத காரியம். காலையில், வண்டி சூடாகும் முன் பார்ப்பது நல்லது, 10 டிகிரி சூட்டுக்கு ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறிக் காட்டும். அப்படியே மூடியைக் கழற்றி வால்வு வாயில் எச்சில் தொட்டு வையுங்கள், பஞ்சர் கடைக்காரர் செய்வது போல. எச்சிலில் முட்டை விட்டால் வால்வுக்குள் இருக்கும் ஊசி போயிற்று, மாற்றுவதற்குச் சில்லறைக் காசுதான். டயரின் பக்கத்தில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு எண்ணையும் பார்த்துவிடுங்கள். 3219 என்றால் 2019ஆம் வருடத்தின் 32ஆவது வாரம் செய்தது. ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும், தரையைத் தொடும் பட்டன் தேயாமல் புதிதாகத் தெரிவதால் நாம்தான் ஏமாறுவோம்.

காற்று இருந்தாலும் இன்னொரு வில்லன் உண்டு, வீல் நட். சின்னக் கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டரை (முறுக்கு விசையின் அலகு) ஒட்டி முறுக்கினால் போதும். காரோடு வரும் ஸ்பேனர் கால் மீட்டர் நீளம் என்றால் அதற்கு 40 கிலோ விசை வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் ஏர் கன் வைத்து 'டர்ர்' என்று இரண்டு மடங்கு இறுக்கி அனுப்பினால் கழற்ற 80 கிலோ, அதாவது ஒரு ஆள் ஸ்பேனர் மேல் ஏறி நிற்க வேண்டும். அதே ஸ்பேனரில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி முக்கால் மீட்டராக்கினால் 27 கிலோவில் கழன்றுவிடும். அந்தக் குழாய் என் டிக்கியில் இப்போது நிரந்தரம். நட்டில் ஆயில் மட்டும் விடாதீர்கள், உராய்வு குறைந்து அதே முறுக்குக்கு போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

நட்டைத் தளர்த்துவது சக்கரம் தரையில் இருக்கும்போதே. தூக்கிய பிறகு அந்த விசையைக் கொடுத்தால் கார் ஜாக்கியை விட்டு நழுவலாம். ஹேண்ட்பிரேக் மட்டும் போதாது, கியரும் போட வேண்டும் என்பதற்கும் காரணம் இருக்கிறது. நம் சின்னக் கார்களில் பெரும்பாலும் ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை, கியர் பிடிப்பது முன் சக்கரங்களை. பின் சக்கரத்தைத் தூக்கினால் கியர் உதவும். முன் சக்கரம் ஒன்றைத் தூக்கினால் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கர அமைப்பு) காரணமாக அந்தரத்தில் இருக்கும் சக்கரம் சும்மா சுற்றும், கியர் போட்டும் பிரயோஜனமில்லை, அப்போது ஹேண்ட்பிரேக்கைத்தான் நம்ப வேண்டும். இரண்டையும் போட்டு, குறுக்கே எதிர்மூலைச் சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைத்துவிட்டால் நிம்மதி.

ஸ்டெப்னி என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? அந்தக் காலத்துக் கார்கள் உபரிச் சக்கரம் இல்லாமலே வந்தன, பஞ்சரானால் ரோட்டிலேயே உட்கார்ந்து ஒட்ட வேண்டும். 1904 வாக்கில் வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில், டேவிஸ் சகோதரர்கள் ஆரக்கால் இல்லாத, காற்றடித்த டயர் மாட்டிய ரிம் ஒன்றைச் செய்து விற்றார்கள். பஞ்சரான சக்கரத்தின் மேலேயே அதைக் கவ்வவைத்து ஓட்டிப் போகலாம். தெருவின் பெயர் பொருளுக்கு வந்தது, நம்மிடமும் மால்டாவிலும் அப்படியே நின்றுவிட்டது, பிரேசிலில் 'எஸ்டெபி' ஆனது.

அன்று வேன்காரர் தன் 12 வோல்ட் கம்ப்ரசரைச் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகி 33க்கு ஏற்றிக் கொடுத்தார், ஏழெட்டு நிமிடம் ஆனது. காசு வாங்க மறுத்துவிட்டு, "ஐம்பது கிலோமீட்டர் போய் நட்டை இன்னொரு தடவை பாருங்க தம்பி, விடிஞ்சதும் அந்த ஆணி டயரை ஒட்டிடுங்க, இப்ப அதுதான் உங்க ஸ்டெப்னி" என்றார். திருச்சி போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக ஒட்டினேன். ஆணி ஒன்றரை அங்குலம்.