புரோகிராமுக்கு ஏன் 'நிரல்' என்று பெயர்?

'சாயங்காலம் ஒரு புரோகிராம் இருக்கு' என்றால் விழாவோ கச்சேரியோ. 'சாயங்காலம் ஒரு புரோகிராம் எழுதணும்' என்றால் கணினிப் பாடம். பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். எழுத்தில் முதலாவது நிகழ்ச்சி, இரண்டாவது நிரல்.

புரோகிராம் கிரேக்கத்திலிருந்து வந்த சொல். 'புரோ' என்றால் முன், 'கிராபெய்ன்' என்றால் எழுதுவது. எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைத்த அறிவிப்புக்கு 'புரோகிராம்மா' என்று பெயர். அப்புறம் அது, விழாவில் எதற்குப் பின் எது என்று சொல்லும் தாளுக்கு வந்தது. கணினிக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டது 1940களில். 1946இல் பொதுமக்களுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியில், புதுக் கணக்கு ஒன்றைப் போட வேண்டுமென்றால் கம்பிகளைப் பிடுங்கி வேறு துளைகளில் செருகி, சுவிட்சுகளைத் திருப்பி வைக்க வேண்டும். எழுதுவதையே வேராகக் கொண்ட சொல், எழுத்தே இல்லாத வேலைக்குப் பெயரானது!

தமிழில் இதற்குப் புதுச்சொல் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. விழாத் தாளை ஏற்கெனவே 'நிகழ்ச்சி நிரல்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அதில் நிகழ்ச்சியைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது நிரல், அதாவது வரிசை, ஒழுங்கு. நிரை, நிரத்தல் எல்லாம் இதன் உறவுகள். 648ஆம் குறளில் 'நிரந்தினிது சொல்லுதல்' என்று வரும் இடத்துக்குப் பரிமேலழகர் 'நிரல்படக் கோத்து' என்றே உரை எழுதுகிறார். அப்படிச் சொல்ல வல்லவர் கிடைத்தால் ஞாலம், அதாவது உலகம், 'விரைந்து தொழில்கேட்கும்' என்பது அந்தக் குறள். ஞாலம் என்ற இடத்தில் கணினி என்று போட்டுப் படித்துப் பாருங்கள், சிரிப்பு வரும்.

எழுதுவதை விட வரிசைதான் இங்கே உயிர் என்பதால், மூலச்சொல்லைவிட நம் சொல்லே பொருத்தம் என்பேன். நிரல் எழுதப் பயன்படும் பைத்தான் என்ற கணினி மொழியில் இந்த இரண்டு வரிகளைப் பாருங்கள்:

சராசரி = மொத்தம் / 3
மொத்தம் = 72 + 81 + 66

மனிதர் படித்தால் 73 என்று சொல்லிவிடுவார். கணினி முதல் வரியிலேயே நின்றுவிடும். மொத்தம் என்று ஒன்றை அது இன்னும் கேள்விப்படவே இல்லை. வரிகளை மேலும் கீழுமாக மாற்றினால் சரி. வரிகளில் ஒரு எழுத்தும் மாறவில்லை, நிரல்தான் மாறியது. (சராசரி, மொத்தம் போல மதிப்பைத் தாங்கி நிற்பவை மாறிகள். பைத்தான் 3இல் அவற்றுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். மேலே இருப்பது விளையாட்டுக்கு எழுதியதல்ல.)

இலக்கண வகுப்பில் வரும் நிரல்நிறையும் இதே நிரல்தான். 'அன்பும் அறனும்' என்று இரண்டை அடுக்கி, 'பண்பும் பயனும்' என்று இன்னும் இரண்டை அடுக்கினால், அன்புக்குப் பண்பு, அறனுக்குப் பயன் என்று வரிசைப்படி கூட்டிக்கொள்ள வேண்டும். பைத்தானில்

அன்பு, அறன் = பண்பு, பயன்

என்று எழுதினால் நடப்பதும் அதேதான். வலப்பக்கம் இருக்கும் இரண்டு மாறிகளுக்கும் முன்பே மதிப்புக் கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவே.

ஒரு சிக்கல் உண்டு. கணக்கில் எண்களைக் கட்டம்போல அடுக்கிய அணிகளை (மேட்ரிக்ஸ்) படிக்கும்போது நிரை என்றால் கிடையாகப் போவது, நிரல் என்றால் மேலிருந்து கீழாக இறங்குவது. 'மூன்று நிரல்கள்' என்றால் கணக்கு வகுப்பில் ஒன்று, கணினி வகுப்பில் வேறொன்று. கணினிப் பாடங்களில் அட்டவணைக்கு 'நெடுவரிசை' என்று எழுதினால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் 'செய்நிரல்' இன்னும் தெளிவு: செய்ய வேண்டியவற்றின் வரிசை. கொஞ்சம் நீளம், அதுதான் குறை. நிரலாக்கம், நிரலர், துணைநிரல், மூலநிரல் என்று கிளை விடுவதற்கு நிரலே கைக்கு வசதி. மென்பொருளை மட்டும் நிரல் என்று சொல்லிவிட வேண்டாம். ஒரு மென்பொருளுக்குள் பல நிரல்கள் இருக்கும்.

நிரல்நிறையில் எதிர் நிரல்நிறை என்றும் ஒன்று உண்டு. 'விலங்கொடு மக்கள் அனையர்' என்று தொடங்கும் 410ஆம் குறளில் முதலில் விலங்கு, பிறகு மக்கள். அடுத்து முதலில் கற்றார், பிறகு ஏனையவர். வரிசைப்படி கூட்டினால் கற்றவர் விலங்காகிவிடுவார். நாம் அதைப் படித்ததுமே மனதுக்குள் திருப்பிப் போட்டுக்கொள்கிறோம். பைத்தானிடம் கொடுத்தால் கற்றவரை விலங்காக்கிவிட்டு, பிழை என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடும்.