சோர்ந்த தசையும் பரிவு நரம்பும்

தவளையின் கால் தசையை அதன் இயக்க நரம்பின் வழியே இடைவிடாமல் தூண்டிக்கொண்டிருந்தால், சிறிது நேரத்தில் அது சோர்ந்து, ஒவ்வொரு சுருக்கமும் முந்தையதைவிட வலுக்குறைந்துகொண்டே போகும். அந்நிலையில் முதுகெலும்பை ஒட்டிச் செல்லும் பரிவு நரம்பையும் (ஆபத்து வேளையில் உடலை ஆயத்தப்படுத்தும் தன்னியக்க நரம்பு) சேர்த்துத் தூண்டினால், அதே தசை மீண்டும் வலுவாகச் சுருங்கத் தொடங்குகிறது. 1923-இல் சோவியத் உடலியலாளர்களான லியோன் ஓர்பெலியும் கினெட்சின்ஸ்கியும் விவரித்த இந்த விளைவு இன்றும் அவ்விருவரின் பெயராலேயே வழங்குகிறது.

எலும்புத்தசைக்கு இயக்க நரம்புகளே கட்டளையிடுகின்றன என்றும், பரிவு நரம்புகள் தசைக்குள் இருக்கும் இரத்தக் குழாய்களைச் சுருக்கி விரிப்பதோடு நின்றுவிடுகின்றன என்றும் நாம் பாடமாகப் படித்திருக்கிறோம். அப்படியானால் தவளைத் தசை மீண்டதற்கும் இரத்த ஓட்டமே காரணமாக இருக்கலாமே என்ற ஐயம் நியாயமானதுதான். ஆனால் உடலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இரத்த ஓட்டம் அறவே இல்லாமல் உப்புக் கரைசலில் வைக்கப்பட்ட தசையிலும், பரிவு மண்டலத்தின் தூண்டலால் சுரக்கும் அட்ரினலினைச் சேர்த்தவுடன், தசையைச் சுருங்கச் செய்ய நரம்பு முனை வெளியிடும் வேதித்தூதான அசிட்டைல்கோலினின் அளவு கூடுகிறது. ஆகவே பரிவு மண்டலத்தின் தாக்கம் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தையே எட்டுகிறது என்று கொள்ள வேண்டியிருக்கிறது.

அச்சந்திப்பின் தசைப் பக்கத்தில் அசிட்டைல்கோலினைப் பற்றிக்கொள்ளும் புரதங்களான ஏற்பிகள் ஒரு சதுர மைக்ரோமீட்டருக்குச் சுமார் 10,000 என்ற அளவில் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவை நிலையானவை அல்ல. பழையவை உள்ளிழுக்கப்பட்டுச் சிதைக்கப்படுவதும் புதியவை வந்து அமர்வதும் ஓயாமல் நடக்கின்றன. 2016-இல் வெளியான எலி ஆய்வு ஒன்று, பரிவு நரம்பிழைகள் பெரும்பாலான சந்திப்புகளுக்கு அருகிலேயே செல்வதைக் காட்டியது. அவ்விழைகள் வெளியிடும் நார்அட்ரினலின் என்னும் வேதித்தூது தசையின் பீட்டா-2 ஏற்பிகளில் பற்றும்போது, தசையிழைக்குள் வளைய ஏஎம்பி என்னும் தூது மூலக்கூறு பெருகி, சந்திப்பைப் பேணும் வினைகளைத் தூண்டுகிறது. பரிவு நரம்பு துண்டிக்கப்பட்ட எலிகளிலோ சந்திப்பின் பரப்பு சுருங்கியது. (அச்சத்தில் விரல்கள் நடுங்குவதற்கும் தசையிலுள்ள இதே பீட்டா-2 ஏற்பிகளே பெருமளவு காரணம்.)

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது மருத்துவத் தடயம். தசைச் சோர்வு நோயான மையஸ்தீனியா கிராவிஸால் பாதிக்கப்பட்டிருந்த ஹாரியட் எட்ஜ்வொர்த், பரிவு மண்டலத்தின் செயலை ஒத்த எஃபெட்ரின் என்னும் மருந்து தமக்குப் பலனளித்ததை 1930-இல் பதிவுசெய்தார். அக்காலத்தில் அதற்கு உரிய விளக்கம் இல்லை. இன்று, டாக்-7 என்னும் மரபணுவின் குறைபாட்டால் சந்திப்புகள் சரிவர உருவாகாத பிறவி மையஸ்தீனியா நோயாளிகளுக்கு எஃபெட்ரினும், ஆஸ்துமாவுக்கு வழங்கப்படும் சால்பியூட்டமாலும் மருந்தாகின்றன. அசிட்டைல்கோலின் சிதைவதைத் தடுத்து வேறு பல மையஸ்தீனியா நோயாளிகளுக்கு உடனடிப் பலன் தரும் மருந்துகள் இவர்களுடைய நிலையை மோசமாக்கவும் கூடும். பீட்டா-2 ஏற்பிகளின் வழியே செயல்படும் எஃபெட்ரின், சால்பியூட்டமால் ஆகியவற்றின் பலனோ வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல மெல்லவே கூடிவருகிறது. அந்தத் தாமதமே, நரம்புச் செய்தியின் வலு கூட்டப்படுவதைக் காட்டிலும் அதைப் பெறும் இடம் சிறிது சிறிதாகச் சீரமைக்கப்படுகிறது என்ற கருத்துக்கு வலுச்சேர்க்கிறது.