மழையில் அறுந்த பதிவேற்றம்: விட்ட இடத்தை ஆர்சிங்க் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டக் கோயில் ஒன்றின் தீமிதிக் காணொளி 4 ஜிகாபைட் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு இணையத்தின் பதிவேற்ற வேகம் நொடிக்கு 5 மெகாபிட். 4 ஜிகாபைட் என்பது 32,000 மெகாபிட். ஐந்தால் வகுத்தால் 6,400 நொடி, அதாவது 1 மணி 47 நிமிடம். ஒன்றரை மணி நேரம் ஓடிய பிறகு பிற்பகல் இடிமழையில் மின்சாரம் போய்விட்டால், கோப்பை வேறு கணினிக்கு நகலெடுக்கும் எஸ்சிபி கட்டளை மறுபடி முதல் பைட்டிலிருந்துதான் தொடங்கும். லினக்ஸ் கணினியிலிருந்து சர்வருக்குப் பெரிய கோப்பு அனுப்புபவர்கள், விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய ஆர்சிங்க் நிரலைப் பழகிக்கொள்வது நல்லது.

ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கரஸ் இருவரும் 1996இல் வெளியிட்ட நிரல் இது. சர்வர் தன்னிடமுள்ள அரைகுறைக் கோப்பைச் சம துண்டுகளாக வெட்டி, துண்டுக்கு இரண்டு சரிபார்ப்பு எண்களை அனுப்பும். ஒன்று எளியது, மற்றது வலுவானது. நம் கணினி, ஒரு துண்டின் அளவே பார்க்கும் சாளரம் ஒன்றைத் தன் கோப்பின் மேல் ஒவ்வொரு பைட்டாக நகர்த்தும். ஒவ்வொரு நகர்வுக்கும் எளிய எண்ணைப் புதிதாகக் கணக்கிட வேண்டியதில்லை. வெளியேறும் பைட்டின் பங்கைக் கழித்து, நுழையும் பைட்டின் பங்கைச் சேர்த்தால் போதும். இந்த உருளும் கணக்குதான் ஆர்சிங்க்கின் உயிர்நாடி. எளிய எண் பொருந்தினால் மட்டுமே வலுவான எண் ஒப்பிடப்படும். அதுவும் பொருந்தினால், 'உன்னிடமுள்ள இத்தனையாவது துண்டு' என்ற குறிப்பு மட்டும் போகும். மற்ற பைட்டுகள்தான் முழுதாகப் பயணம் செய்யும். கோப்பின் நடுவில் ஒரு வரி நுழைந்து பின்னுள்ளதெல்லாம் தள்ளிப்போனாலும் கணக்கு பிசகாது.

ஆனால் இணைப்பு அறுந்தால், பாதி வந்த கோப்பை ஆர்சிங்க் அழித்துவிடும். அதன் இயல்பு அப்படி. அதைக் காப்பாற்ற, கட்டளையில் கோட்டுக்குறிக்குப் பின் பெரிய எழுத்து 'பி' (-P) சேர்க்க வேண்டும். சிறிய எழுத்து 'ஏ'யும் (-a) அவசியம். அது கோப்பின் நேரத்தையும் அனுமதிகளையும் காக்கும். அளவும் நேரமும் ஒத்திருக்கும் கோப்பை ஆர்சிங்க் அடுத்த முறை தொடாது. மின்தடையில் நம் பக்கம் சட்டென்று செத்துவிட்டால், சர்வர் அது தெரியாமல் காத்துக்கொண்டிருக்கும். அதுவரை பாதிக் கோப்பு தற்காலிகப் பெயரிலேயே இருக்கும், உரிய பெயருக்கு வராது. காத்திருப்புக்கு வரம்பிடும் டைம்அவுட் விருப்பத்தை 60 நொடியாக வைத்தால் அந்தக் காத்திருப்பு முடியும். தொடரும்போது சர்வர் கோப்பைப் புதிதாகக் கட்டுவதால், வட்டில் பழையதற்கும் புதியதற்கும் சேர்த்து இடம் வேண்டும்.

சர்வர் பெயருக்குப் பின் முக்காற்புள்ளியை (:) விட்டுவிட்டால், நம் கணினியிலேயே அந்தப் பெயரில் ஒரு நகல் உருவாகும். அனுப்பியாகிவிட்டது என்று நினைத்து மூலத்தை அழிப்பவர்கள் இங்கேதான் இழக்கிறார்கள். அனுப்ப வேண்டிய அடைவின் (கோப்புறையின்) பெயரை 'தீமிதி' என்று மட்டும் எழுதினால் அந்த அடைவே போய் உட்காரும். இறுதியில் சாய்கோடு இட்டால் உள்ளிருப்பவை மட்டும் போகும். அனுப்பும்போது தரவைச் சுருக்கும் 'இசட்' (-z) உரைக் கோப்புகளுக்கு உதவும். காணொளியும் படங்களும் ஏற்கெனவே சுருங்கியவை, அவற்றுக்கு வீண். மூலத்தில் இல்லாததைச் சர்வரிலிருந்து நீக்கும் டெலீட் விருப்பத்தைத் தொடுமுன், சிறிய எழுத்து 'என்', 'வி' இரண்டையும் (-nv) சேர்த்து ஒத்திகை ஓட்டி, எவை அழியும் என்ற பட்டியலை வரி வரியாகப் படியுங்கள்.