செயலியை நீக்கினால் நிறுவனத்துக்கு வலிக்குமா?

சிறு கடைகளுக்கும் மருத்துவ ஆய்வகங்களுக்கும் கணினிப் பாதுகாப்பு அமைத்துக் கொடுப்பது என் தொழில். 2021 ஜனவரியில் வாட்ஸ்அப், பயனர்களின் தகவல்களைத் தாய் நிறுவனமான ஃபேஸ்புக்குடன் பகிர்வது பற்றிய தன் தனியுரிமைக் கொள்கையைத் திருத்தி, பிப்ரவரி 8-க்குள் அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தபோது, என் வாடிக்கையாளர்களில் பலர் ஒரே வாரத்தில் அழைத்து, வேறு செய்திச் செயலிகளான சிக்னலுக்கோ டெலிகிராமுக்கோ மாற்றிவிடச் சொன்னார்கள். மாற்றிக் கொடுத்தேன். மார்ச் முடிவதற்குள் பெரும்பாலோர் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார்கள். ஓர் ஆய்வக உரிமையாளர் சொன்ன காரணம் இன்றும் நினைவில் இருக்கிறது: "நான் மாறிட்டேன் சார், ரிப்போர்ட் வாங்க வர்றவங்க மாறலையே."

ஒரு சோப்பைப் புறக்கணிப்பவர் அதே கடையில் வேறு சோப்பை வாங்கிக்கொள்ளலாம். செய்திச் செயலியைப் புறக்கணிப்பவரோ உறவினர்களையும் பள்ளிக் குழுவையும் குடியிருப்போர் சங்கத்தையும் சேர்த்து அழைத்துக்கொண்டு வெளியேற வேண்டியிருக்கிறது. ஆகவே, மக்களின் கோபம் எவ்வளவு பெரியது என்பதைவிட, விலகுவது எவ்வளவு எளிது என்பதையே நான் முதலில் பார்க்கிறேன். 2011 டிசம்பரில், இணையத்தில் திருட்டுப் பிரதிகளைத் தடுக்க முன்மொழியப்பட்ட அமெரிக்காவின் சோபா மசோதாவை ஆதரித்த, இணையதளப் பெயர்களைப் பதிவு செய்துதரும் கோடேடி நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்கள் தங்கள் இணையதளப் பெயர்களை வேறு பதிவாளர்களுக்கு மாற்றத் தொடங்கியதும், சில நாட்களிலேயே அது தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. 2017-இல் லட்சக்கணக்கானோர் வாடகைக் கார் செயலியான உபரைக் கைவிட்டபோதும், அமெரிக்காவில் மாற்றாக அதே சேவையைத் தரும் லிஃப்ட் இருந்தது.

ஃபேஸ்புக்கின் கதை வேறு. 2020 ஜூலையில், வெறுப்புப் பேச்சைக் கட்டுப்படுத்தக் கோரி ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் விளம்பரங்களை நிறுத்தின. ஆனாலும் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் அதன் வருவாய் முந்தைய ஆண்டைவிட 22 சதவீதம் உயர்ந்தது. பெரிய நிறுவனங்கள் விலகினாலும், லட்சக்கணக்கான சிறு வணிகர்களின் விளம்பரப் பணம் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தது.

அப்படியானால் 2021-இல் நாம் செய்தது வீணா? வீணில்லை என்றே உறுதியாகச் சொல்வேன். 72 மணி நேரத்தில் இரண்டரைக் கோடிப் பேர் புதிதாகச் சேர்ந்ததாக டெலிகிராம் அறிவித்த அந்த ஜனவரியிலேயே, வாட்ஸ்அப் தன் கெடுவை மே 15-க்குத் தள்ளிவைத்தது; பின்னர், ஒப்புக்கொள்ளாதவர்களின் வசதிகளைக் குறைக்கப்போவதில்லை என்றும் தெரிவித்தது. அதைவிட முக்கியமானது, அந்தப் பரபரப்பு செய்தியானது. ஊடகச் செய்திகளின் அடிப்படையில் சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் தாமாகவே இதைக் கையில் எடுத்து, மார்ச் மாதம் விசாரணைக்கு உத்தரவிட்டு, 2024 நவம்பரில் வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு (முன்பு ஃபேஸ்புக்) 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்த ஆணை மேல்முறையீட்டுக்குப் போனது என்றாலும், 'ஏற்றுக்கொள், இல்லையேல் விலகு' என்ற நிபந்தனை சட்டத்தின் முன் கேள்விக்கு உள்ளானது. தனி ஆளாக வெளியேறி என்னால் அதைச் சாதித்திருக்க முடியாது.

விலகுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செல்பேசியிலிருந்து செயலியை அகற்றுவதால் கணக்கு அழிவதில்லை. செயலியின் அமைப்புகளுக்குள் (செட்டிங்ஸ்) சென்று கணக்கையே நீக்கினால்தான், நீங்கள் வெளியேறியதாக நிறுவனத்தின் கணக்கில் ஏறும். காரணத்தை அதன் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதி அனுப்புங்கள். 24 மணி நேரத்துக்குள் பெற்றதை ஒப்புக்கொண்டு, 7 நாட்களுக்குள் (2026 பிப்ரவரித் திருத்தத்துக்கு முன் 15 நாட்கள்) தீர்வு தர வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் கூறுகின்றன. இதைச் செய்தவர்களை என் வாடிக்கையாளர்களிடையே விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

முழுவதுமாக விலக முடியாதவர்கள் கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளலாம். அந்த ஆய்வகம் இன்றும் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறது. ஆனால் நோயாளிகளின் அறிக்கைகள் அதில் போவதில்லை. 'உங்கள் அறிக்கை தயார்' என்ற ஒரு வரி மட்டும் போகிறது.